ஒரு பாவில் மூன்று சேலை

“பொண்ணு என்ன உயரம் இருப்பாங்க?”

தறிக்குழிக்குள் காலைத் தொங்கவிட்டபடி என் கணவர் கேட்டார். பெண் நல்ல உயரம் என்றால் சேலையின் அகலத்தைக் கொஞ்சம் கூட்டிப் போட வேண்டும். பாவு ஏற்றிய பிறகு அதை மாற்ற முடியாது. நான் ஆங்கிலத்தில் திருப்பிக் கேட்டேன்.

மகள் கல்யாணத்துக்குச் சேலை கேட்டு வந்திருந்த லின் அம்மா கையால்தான் காட்டினார். உள்ளங்கையைக் கவிழ்த்துத் தன் இடுப்புக்குப் பக்கத்தில் நீட்டினார். ஒரு சின்னப் பிள்ளையின் தலை இருக்கிற உயரம் அது. பிறகு அந்தக் கை மெதுவாக ஏறியது. வயிறு, நெஞ்சு, தோள் என்று வந்து காதுக்குப் பக்கத்தில் நின்றது.

“இவ்வளவு இருப்பாள்,” என்றார்.

பிள்ளை எவ்வளவு சீக்கிரம் வளர்ந்துவிட்டாள் என்று எல்லா அம்மாக்களும் இப்படித்தான் கையைக் காட்டுவார்கள். நான் அப்படித்தான் எடுத்துக்கொண்டேன். மடியில் என் மகள் யாழினி என் தாலிச்சரட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தாள். அவளைச் சமாளிக்கிற அவசரத்தில் அந்தக் கையை நான் சரியாகப் பார்க்கவில்லையோ என்று இப்போது தோன்றுகிறது. பார்த்திருந்தாலும் எனக்கு என்ன புரிந்திருக்கும் என்றும் தோன்றுகிறது.

லின் அம்மாவிடம் கேட்டுக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். “உங்கள் ஊர் அம்மாக்கள் படிக்கட்டும்,” என்றார். பெயரை மட்டும் மாற்றியிருக்கிறேன்.

ஆணி அடிக்கக் கூடாத வீடு

லின் அம்மாவின் சொந்த ஊர் தைவானில். கணவருக்கு இங்கே பக்கத்துத் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் வேலை. ஓரிக்கை பக்கம் ஒரு மாடி வீட்டை வாடகைக்கு எடுத்து இருக்கிறார்கள். பகல் முழுவதும் தனியாக இருந்தவர், பேச்சு ஆங்கிலம் கற்றுக்கொள்ள யாராவது கிடைப்பார்களா என்று விசாரித்திருக்கிறார். நான் பி.ஏ. ஆங்கிலம் படித்துவிட்டு, பிள்ளையார்பாளையத்தில் எங்கள் வீட்டிலேயே டியூஷன் எடுத்துக்கொண்டிருந்தேன். அப்படி வந்து சேர்ந்தார்.

என் மாமியாருக்கு அவர் முதல் நாளிலிருந்தே ‘சைனாக்காரம்மா’தான்.

“சைனா இல்ல அத்தை, தைவான்.”

“எதோ ஒண்ணு. காபி குடிக்குமா, டீ குடிக்குமா, அதக் கேளு.”

நான் அப்போது ஆறு மாதக் கர்ப்பிணி. பாடம் நடக்கும்போது ஒரு நாள் பக்கத்தில் தறியில் ஏதோ தளர்ந்துபோய், என் கணவர் சுத்தியலை எடுத்து ஆப்பு அடித்தார். லின் அம்மா எழுந்தே விட்டார். என் வயிற்றுக்கு முன்னால் இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு நின்றார்.

அவர்கள் ஊரில் கருவுக்கென்று ஒரு தெய்வம் உண்டாம். அது தாயின் வயிற்றில் இருக்காது. வீட்டில்தான் இருக்குமாம். ஒரு நாள் கதவில், ஒரு நாள் அடுப்படியில், ஒரு நாள் கட்டிலில். எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று தெரியாமல் ஆணி அடித்தால், கட்டிலை நகர்த்தினால், கத்தரிக்கோல் போட்டால், அடி பிள்ளைக்கு விழும்.

நான் படித்தவள். சிரித்துவிட்டு விட்டிருக்க வேண்டும். ஆனால் அன்று சாயந்தரமே கணவரிடம், ஆணி அடிக்கிற வேலை இருந்தால் வெளியே வைத்துக்கொள்ளுங்களேன் என்றேன்.

“தறியத் தூக்கிக்கினு போய்த் தெருவுல போட்டு நெய்யட்டுமா?” என்றார்.

ஆனாலும் அதற்குப் பிறகு, சுத்தியலை எடுக்கும் முன்னால் என்னைப் பார்த்து, “சுதா, கொஞ்சம் அந்தாண்ட போ,” என்று சொல்ல ஆரம்பித்தார். யாழினி நல்லபடியாகப் பிறந்தாள். அது எதனால் என்று யாரால் சொல்ல முடியும்?

நரியும் கட்டில் அம்மாவும்

யாழினி தூக்கத்தில் சிரிப்பாள். சட்டென்று உதடு பிதுங்கி அழுவாள். பிறகு மறுபடி சிரிப்பு. நரி விரட்டுகிறது என்று அத்தை சொன்னார். எங்கள் பக்கம் எல்லோரும் சொல்வதுதான். ஆனால் நான் முதல் பிள்ளைக்காரி. கண்ணுக்குத் தெரியாத ஒரு நரி என் பிள்ளையின் தலைமாட்டில் உட்கார்ந்திருப்பதுபோல் இருக்கும்.

லின் அம்மா வேறு மாதிரி சொன்னார். பிள்ளை படுக்கிற கட்டிலில் ஒரு தாய் இருக்கிறாள். அவள்தான் விளையாட்டுக் காட்டுகிறாள், பாடம் சொல்லிக்கொடுக்கிறாள். பிள்ளை சிரித்தால் அவள் சிரிக்கவைக்கிறாள் என்று அர்த்தம். பிள்ளை வளர்கிறவரை அவளுக்கு எப்போதாவது சோறு வைக்க வேண்டும்.

சொன்னதோடு நிற்கவில்லை. நல்லெண்ணெயும் இஞ்சியும் காளானும் போட்டு ஒரு கிண்ணம் சோறு சமைத்துக் கொண்டுவந்து, கட்டிலின் நடுவில் வைத்துக் கும்பிட்டார்.

“படுக்கிற எடத்துல சோறா?” என்று அத்தை வாசலிலேயே நின்றுவிட்டார். லின் அம்மா போன பிறகு கிண்ணத்தை மோந்து பார்த்து, “வாசன நல்லாத்தான் இருக்குது,” என்றார்.

எனக்கு நரியைவிட அந்தக் கட்டில் அம்மாவைப் பிடித்துப்போனது. குழந்தை டாக்டர், இரண்டும் இல்லை, தூக்கத்தில் எல்லாக் குழந்தையும் செய்வதுதான் என்றார். அவர் சொன்னதையும் நம்பினேன். சில நாட்களில் மூன்றையும் நம்பினேன்.

சிவப்புப் பாவு

வெளியூர் வாசகர்களுக்காக ஒன்று சொல்லிவிடுகிறேன். தறியில் நீளவாக்கில் ஏற்றுகிற இழைகள்தான் பாவு. எங்கள் வீட்டில் ஒரு பாவு ஏற்றினால் அதில் மூன்று சேலை வரும். முதல் சேலை முடிந்ததும் அதை மட்டும் வெட்டி இறக்கிவிட்டு, அதே இழைகளில் அடுத்ததைத் தொடர்வார்கள். மூன்றும் ஒரே நூல், ஒரே நிறம், ஒரே கரை. முந்தானையிலும் உடலில் வருகிற புட்டாப் பூக்களிலும் வேண்டுமானால் வித்தியாசம் காட்டலாம்.

மூத்த மகளுக்குக் கல்யாணம், சிவப்பில் ஒரு சேலை வேண்டும் என்று லின் அம்மா கேட்டபோது எங்கள் வீட்டிலும் கல்யாணப் பேச்சுதான். என் நாத்தனார் வனிதாவுக்கு ஆவணியில் நாள் குறித்திருந்தோம். வனிதா ஒரு செல்போன் கம்பெனியில் சூப்பர்வைசர். விடிந்தால் கம்பெனி பஸ், சாயந்தரம் கம்பெனி பஸ். வாய் மட்டும் ஓயாது.

“ரெண்டு கல்யாணமும் கூடி வருது. நல்ல செவப்பா ஒரு பாவு போடு. மொதல்ல அந்தம்மாவுக்கு, அடுத்தது வனிதாவுக்கு. மூணாவது கடைக்குப் போவட்டும்,” என்று சொன்னது அத்தைதான். கல்யாணப் பாவு என்று மஞ்சள் குங்குமம் வைத்துத்தான் தறியில் ஏற்றினார்கள்.

லின் அம்மா அடிக்கடி வந்து பார்ப்பார். கரையில் இருக்கிற அன்னப்பட்சி அவருக்கு ரொம்பப் பிடிக்கும். தொட மாட்டார். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு குனிந்து பார்ப்பார். ஒரே ஒரு கவலைதான் சொல்வார். ஏழாம் மாதம் பிறப்பதற்குள் கிடைத்துவிடுமா?

அவர்கள் கணக்கில் ஏழாம் மாதம் இறந்தவர்களுக்கு வாசல் திறந்துவிடுகிற மாதம். அதில் கல்யாணம் வைக்க மாட்டார்கள். இரவில் துணி காயப்போட மாட்டார்கள், யாராவது உடுத்திக்கொண்டு போய்விடுவார்களாம்.

“அண்ணி, என் நைட்டி ஒண்ணு காணும். கேட்டுப் பாருங்க,” என்றாள் வனிதா.

எல்லோரும் சிரித்தோம். லின் அம்மாவும் என்ன என்று கேட்டுச் சிரித்தார்.

படம்

முதல் சேலை பாதி தாண்டியிருந்தது. வனிதா என்னை நச்சரித்துக்கொண்டிருந்தாள், தன் சேலைக்கு ஜோடிச் சேலை கட்டப்போகிற பெண் எப்படி இருப்பாள் என்று பார்க்க வேண்டும் என்று. அடுத்த நாள் பாடத்தின் நடுவில் மணப்பெண்ணின் படம் இருக்கிறதா என்று கேட்டேன்.

லின் அம்மா போனை எடுத்தார். ரொம்ப நேரம் தேடவில்லை. மஞ்சள் மழைக்கோட்டு போட்ட ஒரு சின்னப் பெண். முன்பல் ஒன்று விழுந்திருந்தது.

“அழகு. இப்போதைய படம் இருக்கிறதா?” என்றேன்.

“இதுதான் கடைசி,” என்றார்.

பக்கத்தில் தறி ஓடிக்கொண்டிருந்தது. என் கணவருக்கு நாங்கள் பேசுவது கேட்டிருக்காது, கேட்டாலும் அந்த ஆங்கிலம் புரிந்திருக்காது. லின் அம்மா பாடப் புத்தகத்தை மூடி வைத்துவிட்டுச் சொல்ல ஆரம்பித்தார். வார்த்தை கிடைக்காத இடங்களில் போனில் அவர்கள் எழுத்தில் அடித்து, ஆங்கிலமாக்கிக் காட்டினார்.

காய்ச்சலில் போய்விட்ட பிள்ளை. பள்ளிக்கூடத்தில் சேர்ந்த வருடம். அவர்கள் வழக்கத்தில் கல்யாணமாகாமல் இறந்த பெண்ணுக்குப் பிறந்த வீட்டுப் பூஜை மாடத்தில் இடமில்லை. முன்னோர்களின் பெயர்ப் பலகைகளுக்குப் பக்கத்தில் மகனின் பெயரை வைக்கலாம், மகள் பெயரை வைக்க முடியாது. அவளுடைய இடம் கணவன் வீட்டு மாடம். கணவன் இல்லாதவளுக்கு எந்த மாடம்? கன்னிப் பெண்களுக்கென்று இருக்கிற ஒரு கோயிலில் கொண்டுபோய் வைத்திருக்கிறார்கள். இத்தனை வருடமாக அவள் அங்கேதான், யார் யாருடைய பெண்களோடோ.

இப்போது இளைய மகளுக்குக் கல்யாணம் பேசினால் ஏதாவது ஒன்று தடுக்கிறது. நிச்சயமான இடமே ஒருமுறை கலைந்துபோனது. அதே சமயம் லின் அம்மாவின் கனவில் மூத்தவள் வந்திருக்கிறாள். வளர்ந்த பெண்ணாக வந்து, “என் வீடு எது?” என்று கேட்டிருக்கிறாள். கோயிலில் பிறை வடிவத்தில் இரண்டு மரத்துண்டுகளைத் தரையில் போட்டுக் கேட்பார்களாம். ஒன்று குப்புறவும் ஒன்று மல்லாந்தும் விழுந்தால் சரி என்று அர்த்தம். மூத்தவள் கல்யாணம் கேட்கிறாளா என்று கேட்டுப் போட்டார்கள். சரி என்று விழுந்தது.

மாப்பிள்ளை உயிரோடு இருக்கிறவர். தூரத்து உறவு. சம்மதித்திருக்கிறார். மூங்கிலிலும் காகிதத்திலும் மணப்பெண்ணைச் செய்து, நிஜத் துணி உடுத்தி, மாப்பிள்ளை வீட்டுக்கு அழைத்துப் போவார்கள். பந்தியில் உட்காரவைத்து இலை போடுவதுபோல் தட்டு வைப்பார்கள். எல்லாம் முடிந்த பிறகு உடுத்திய துணியோடு அந்தப் பொம்மையை எரித்துவிடுவார்கள். துணி அவளிடம் போய்ச் சேரும். அவளுடைய பெயர்ப் பலகை அந்த வீட்டு மாடத்தில் ஏறும். அதன் பிறகு அவள் அந்த வீட்டுப் பெண்.

“நான் இப்போது இருக்கிற ஊரில் இதைவிட நல்ல துணி இல்லை. அவளுக்கு நான் வாங்குகிற ஒரே சேலை,” என்றார்.

அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். அது நிஜம். அவர் கையைப் பிடித்துக்கொண்டே, தறிக்குப் பக்கத்தில் தூளியில் தூங்குகிற யாழினியைப் பார்த்தேன். அதுவும் நிஜம். இத்தனை நாளாக யாருக்கான சேலைக்குப் பக்கத்தில் என் பிள்ளையைத் தூங்கவைத்திருக்கிறேன் என்று ஓடியது மனசு. அடுத்த சேலை வனிதாவுக்கு என்பதும் அப்போதுதான் உறைத்தது.

சாப்பாட்டு வேளை

சொல்லாமல் இருந்திருக்கலாமா? எனக்கு மட்டும் தெரிந்ததை எனக்குள்ளேயே வைத்துக்கொண்டு, முதல் சேலையைக் கொடுத்து அனுப்பியிருக்கலாமா? பிறகு வனிதாவுக்கு ஏதாவது ஒரு சின்னத் தலைவலி வந்தால்கூட என்னால் தூங்க முடிந்திருக்காது. மதியம் சாப்பிட உட்கார்ந்ததும் சொல்லிவிட்டேன்.

என் கணவர் முதலில் கேட்டது, “எரிக்கவா?” என்றுதான்.

எங்கள் ஊருக்குப் பட்டுச்சேலையை எரிப்பது புதிது இல்லை. பழைய சேலைகளை வாங்கி, எரித்து, ஜரிகையிலிருந்து வெள்ளி எடுக்கிறவர்கள் இருக்கிறார்கள். ஆனால் அவை கட்டிக் கட்டி நைந்த சேலைகள். மடிப்புக் கலையாத சேலையை எரிப்பது பற்றி யாரும் கேள்விப்பட்டதில்லை.

அத்தை சோற்றில் கை வைத்தபடியே இருந்தார்.

“பாவ நிறுத்து,” என்றார்.

“பாதிக்கு மேல நெய்ஞ்சாச்சும்மா.”

“நெய்ஞ்சா இன்னா? கல்யாணப் பொண்ணு சேலையும் அதுவும் ஒரே இழையில வரணுமா? கடையில எதுனா செவப்புல ஒண்ணு எடுத்துக் குடுத்துடலாம். எரிக்கத்தான போறாங்க, பட்டா இருந்தா இன்னா, பாலியஸ்டரா இருந்தா இன்னா.”

“நாமகூட கல்யாணத்துக்கு முன்னாடி பூவாடைக்காரிக்குப் புதுச்சேலை வச்சுப் படைக்கிறோமே அத்தை?” என்றேன். குடும்பத்தில் கன்னியாகச் செத்தவளை எங்கள் பக்கம் அப்படித்தான் கும்பிடுகிறோம்.

“அது நம்ம வீட்டுப் பொண்ணும்மா. கூப்ட்டா வரும், போன்னா போவும். இது யார் வீட்டுதோ. நம்ம தறியில வந்து உக்காந்துக்கிச்சுன்னா இன்னா பாஷையில போன்னு சொல்லுவ?”

அத்தை கொடுமைக்காரி இல்லை. மகளுக்காகப் பயந்த அம்மா. லின் அம்மாவும் மகளுக்காகத்தான் கேட்கிறார். நடுவில் மொழிபெயர்க்கிற வேலை எனக்கு.

அன்று மதியம் தறி ஓடவில்லை. லின் அம்மாவிடம் எப்படிச் சொல்வது என்று சொல்லிப் பார்த்துக்கொண்டே இருந்தேன். நூல் தட்டுப்பாடு என்று சொல்லலாம். என் கணவருக்கு உடம்பு சரியில்லை என்று சொல்லலாம். பாலியஸ்டர் சேலையைக் காட்டி, இதுவும் சிவப்புதான் என்று சொல்கிற ஒரு வாக்கியத்தைக்கூட மனதுக்குள் அமைத்துப் பார்த்தேன்.

வனிதா

சாயந்தரம் வனிதா வந்தாள். தறிச் சத்தம் இல்லாத வீட்டைப் பார்த்ததும், “யாருக்கு இன்னா ஆச்சு?” என்று பையைக்கூட இறக்காமல் கேட்டாள். அத்தை சொன்னார். ஒரு பாதியை நான் சொன்னேன்.

வனிதா செருப்பைக் கழற்றிவிட்டு வந்து தறிக்குப் பக்கத்தில் நின்றாள். நெய்த பகுதிமேல் துணி மூடியிருந்தது. அதை எடுத்துப் பார்த்தாள்.

“அந்தப் படத்த நீங்க பாத்தீங்களா அண்ணி?”

“பார்த்தேன்.”

“எம்மாம் பெருசு இருக்கும்?”

“ஒண்ணாங்கிளாஸ்.”

துணியை மறுபடி மூடினாள். பிறகு அத்தையிடம் திரும்பினாள். “அக்கா கல்யாணம் முடியாம தங்கச்சிக்கு எப்டிமா பண்ணுவாங்க? அதுக்குத்தான அந்தம்மா இந்தப் பாடு பட்டுக்கினு இருக்குது. எனக்கு மட்டும் ஒரு அக்கா இருந்தா, அவளத் தாண்டி நீ எனக்குப் பண்ணுவியா?”

“உனுக்கு ஏதுடி அக்கா?”

“ஒரே பாவு. மொதல்ல எறங்கறவ அக்கா. பாதியில நிறுத்திட்டா அவ எங்க போவா? நீ சொன்னியே தறியில உக்காந்துக்கும்னு, அப்பதான் உக்காரும். ஒழுங்கா முடிச்சு அவ வீட்டுக்கு அனுப்பு. அப்புறம் எனக்கு நெய்யட்டும்.”

“வாய மூடு. கல்யாணம் ஆவப்போற பொண்ணு பேசற பேச்சா இது.”

“நான்தான கட்டப்போறேன்? நானே சொல்றேன்.”

அத்தை எழுந்து பின்கட்டுக்குப் போய்விட்டார். யாழினிக்கு வழக்கம்போல விளக்கு வைத்ததும் சுற்றிப் போட்டார். கொஞ்சம் உப்பு அதிகமாக எடுத்த மாதிரி எனக்குத் தோன்றியது.

வனிதா பாத்திரம் கழுவும்போது கேட்டேன். “உனக்குப் பயமா இல்லையா?”

“இருக்குதுதான் அண்ணி. அதுக்கு இன்னா பண்றது?” என்றாள். கழுவின தட்டையே மறுபடி கழுவிக்கொண்டிருந்தாள்.

மறுநாள் காலையில் நான் எழுந்து வந்தபோது அத்தை ராட்டை முன்னால் உட்கார்ந்திருந்தார். பாவுக்குக் குறுக்கே ஓடுகிற ஊடைக்கு வேண்டிய சிவப்பு நூலைத் தார்க்குச்சியில் சுற்றிக்கொண்டிருந்தார். என் கணவர் எதுவும் கேட்காமல் அதை எடுத்துக்கொண்டு தறியில் இறங்கினார். அன்றிலிருந்து யாழினியின் தூளியை அடுத்த அறையில் கட்டினேன். அத்தையும் வேண்டாம் என்று சொல்லவில்லை. அது சரியா, லின் அம்மா கவனித்திருப்பாரா என்று இன்னும் யோசிக்கிறேன். கவனித்திருந்தால் அவர் காட்டிக்கொள்ளவில்லை.

சேலை இறங்கிய நாள்

ஆனி முடிகிற சமயம். சேலையை இறக்கி, மடித்து, தாம்பாளத்தில் வைத்தோம். கல்யாணச் சேலை கொடுக்கும்போது எங்கள் வீட்டில் வழக்கமாக வைக்கிற மஞ்சள், குங்குமம், பூ எல்லாம் அத்தையே எடுத்து வைத்தார். வைக்கச் சொல்லி நான் கேட்கவில்லை. கேட்கப் பயம்.

லின் அம்மா கணவரோடு வந்திருந்தார். அந்த மனிதர் வாசலிலேயே நின்றார். இந்தச் சடங்கில் அவருக்கு நம்பிக்கை இல்லை என்று லின் அம்மா சொல்லியிருக்கிறார். ஆனால் இஸ்திரி போட்ட சட்டை போட்டுக்கொண்டு, தலையைப் படிய வாரிக்கொண்டு வந்திருந்தார்.

தாம்பாளம் அத்தையின் கையில். எந்தப் பெண் வீட்டுக்காரர் வந்தாலும், “தீர்க்க சுமங்கலியா இருக்கட்டும்,” என்று சொல்லித்தான் சேலையைக் கொடுப்பார். அன்று வாயைத் திறந்தவர், நிறுத்திக்கொண்டார். எல்லோரும் நின்றுகொண்டிருந்தோம். லின் அம்மா இரண்டு கைகளையும் நீட்டியபடி இருந்தார். கடைசி நேரத்தில் மாட்டேன் என்று சொல்லிவிடுவாரோ?

அத்தை என்னைப் பார்த்தார். “சுதா, மாப்ள வீட்ல யார் யார் இருக்காங்கன்னு கேளு.”

கேட்டேன்.

லின் அம்மாவின் நீட்டிய கை அப்படியே நின்றது. அந்தக் கேள்வியை அவரிடம் இதுவரை யாரும் கேட்கவில்லை என்று எனக்குத் தோன்றியது. மெதுவாகச் சொன்னார். அப்பா, அம்மா, மாப்பிள்ளை. வீட்டோடு ஒரு கடை. இரும்புச் சாமான் கடை. மாப்பிள்ளை பிறகு வேறொரு பெண்ணைக் கட்டுவார், அது பேசி வைத்ததுதான். அந்தப் பெண் இவளை அக்கா என்று கூப்பிடுவாள். விசேஷ நாளில் இவளுக்குத்தான் முதலில் படையல் வைப்பாள்.

“கூப்டுவாளாமா? நிச்சயமா?” என்றார் அத்தை.

“சொல்லியிருக்கிறார்கள்.”

“மாமியார்காரி எப்டி? அதக் கேளு.”

“போன் செய்தார்,” என்றார் லின் அம்மா. “முதல் நாள் மருமகள் வந்ததும் என்ன சமைத்து வைக்கட்டும், அவளுக்கு என்ன பிடிக்கும் என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. பெரியவளானால் என்ன பிடித்திருக்கும் என்று எனக்கு எப்படித் தெரியும்? சின்னதில் முட்டையை அடித்து ஆவியில் வேகவைத்துக் கொடுப்பேன். அதை மட்டும் ஸ்பூன் வைத்துத் தானே சாப்பிடுவாள். அதைச் சொன்னேன். அதையே செய்கிறேன் என்றார். எவ்வளவு தண்ணீர் விட வேண்டும் என்றுகூடக் கேட்டுக்கொண்டார்.”

இதைத் தமிழில் சொல்லி முடிக்க எனக்குக் கொஞ்ச நேரம் ஆனது. அத்தை குறுக்கே பேசாமல் கேட்டார். பிறகு ஓரடி முன்னால் வந்து, தாம்பாளத்தை லின் அம்மாவின் கையில் வைத்து, அது சரியாக உட்கார்ந்ததா என்று பார்த்துவிட்டுத் தன் கையை எடுத்தார்.

“அப்ப நல்ல எடந்தான்,” என்றார். “தைரியமா பொண்ணக் குடுங்க.”